கிளெமாட்டிஸ் காலடியில் ஹோஸ்டா தொட்டி: நிழலா, நத்தைக் கூடாரமா?

முற்றத்துக்கொடி:
கிழக்குச் சுவரோரம் நெல்லி மோசர் ரகக் கிளெமாட்டிஸ் பூங்கொடி ஒன்று வைத்து இது மூன்றாவது வருடம். போன கோடையில் அடிமண் வெடித்துக் கிடந்தது. இந்தக் கொடிக்குத் தலை வெயிலில், கால் நிழலில் இருக்க வேண்டும் என்று எங்கே கேட்டாலும் சொல்கிறார்கள். அதை நம்பி, நிழலில் வளரும் அகல இலைச் செடியான ஹோஸ்டா வைத்த நான்கு தொட்டிகளைக் கொடியின் அடியில் அரைவட்டமாக அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரே மாதம், ஹோஸ்டா இலையெல்லாம் சல்லடை. நேற்றுப் பார்த்தால் கொடியின் புதுத்துளிர் இரண்டையும் காணோம். தொட்டிகளை எடுத்துவிடவா, ஹோஸ்டாவை மண்ணிலேயே நட்டுவிடவா?

நிழல்விரும்பி:
மண்ணில் மட்டும் நட்டுவிடாதீர்கள். ஹோஸ்டா வேர் பாய் பின்னினாற்போல அடர்ந்து பரவும். கொடிக்கு ஊற்றும் தண்ணீரில் பாதியை அதுவே குடித்துவிடும். தொட்டியில் இருந்தால் அதன் வேர் அதோடு. கவாத்து பண்ண வேண்டுமா, தொட்டியைத் தள்ளிவைத்துவிட்டு நிம்மதியாகக் குனியலாம். எட்டு வருடமாக நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். நத்தையைத் தனியாகக் கவனியுங்கள், தொட்டியை விரட்டாதீர்கள்.

மண்வெட்டி:
'கால் நிழலில்' என்பதே பாதி உண்மை. கொடி கேட்பது நிழலை இல்லை, ஈரத்தை. நடும்போது பழைய தொட்டியில் இருந்த மட்டத்தைவிட 5 முதல் 8 செ.மீ. ஆழமாக நட்டு, மேலே மக்கிய உரத்தை மூடாக்காகப் போட்டால் போதும். தண்டைத் தொடாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டுத் தொட்டியைக் கொண்டுவந்து அடுக்கினால் என்ன ஆகும்? ஹோஸ்டா இலை குடை மாதிரி விரிந்து மழைத்தண்ணீரை வெளியே வழித்துவிடும். கொடியின் வேர் இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு விழாது. நிழலில் உலர்ந்த மண்ணும் உலர்ந்த மண்தான்.

இன்னொன்று. இப்போதே போய் ஒரு தொட்டியைத் தூக்கிப் பாருங்கள் முற்றத்துக்கொடி. அடியில் என்ன இருக்கிறது என்று வந்து சொல்லுங்கள்.

முற்றத்துக்கொடி:
தூக்கினேன். ஏன்தான் தூக்கினேனோ! முதல் தொட்டியின் அடியில் மட்டும் பதினோரு ஓடில்லா நத்தைகள், தொட்டியின் விளிம்பு வட்டத்தை ஒட்டி வரிசையாக ஒடுங்கிக் கிடந்தன. தண்ணீர் வடியும் துளைக்குள் இரண்டு செருகிக்கொண்டு வர மறுத்தன. பக்கத்தில் ஊறிய ஜவ்வரிசி போல ஒரு கொத்து முட்டை. கொடியின் தண்டு அங்கிருந்து ஒரு சாண்கூட இல்லை.

கத்தரிக்கோல்:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. அந்தத் துளிர்கள் கடித்துத் தின்னப்பட்டனவா, இல்லை வாடிக் கருத்து விழுந்தனவா? பெரிய பூ ரகங்களுக்கு வாடல் நோய் என்று ஒன்று உண்டு, பூஞ்சையால் வருவது. நேற்று நன்றாக இருந்த தண்டு இன்று தொங்கும், இலை நரம்பெல்லாம் கருக்கும். அது என்றால் நல்ல தண்டு தெரிகிற வரை வெட்டி எறிய வேண்டும். மண்வெட்டி சொன்ன ஆழ நடவு அங்கேதான் கைகொடுக்கும்: மேலே எல்லாம் போனாலும் மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து மறுபடி கிளம்பும்.

முற்றத்துக்கொடி:
கடித்ததுதான். மிச்சமிருந்த அடித்தண்டில் தோல் சுரண்டிய மாதிரி வெள்ளையாக இருக்கிறது, சுற்றிலும் பளபளவென்று தடம். ஆழமாகத்தான் நட்டேன், அந்த ஒரு புத்தி இருந்தது.

நிழல்விரும்பி:
மண்வெட்டி ஐயா, உங்கள் மூடாக்கு மட்டும் என்னவாம்? ஈர மூடாக்குக்குள் நத்தை பகலெல்லாம் சுகமாகத் தூங்கும். தொட்டியையாவது தூக்கிப் பார்க்க முடியும், மூடாக்கை யார் தினமும் கிளறுவது? தொட்டியைச் சுற்றிச் செம்பு நாடா ஒட்டினால் ஏறாது.

மண்வெட்டி:
செம்பு நாடாவா? பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018-இல் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. செம்பு நாடா, முட்டை ஓடு, பொடிக்கல், பைன் பட்டை, கம்பளி உருண்டை என்று ஐந்தையும் லெட்யூஸ் கீரைக்குக் காவல் வைத்தார்கள். ஒன்றும் வைக்காமல் விட்ட செடிக்கும் இவற்றுக்கும் சேதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மூடாக்கில் நத்தை இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தங்க இடம், தின்ன இலை இரண்டையும் கொடியின் காலடியிலேயே கொண்டுபோய் வைத்தது யார்?

நிழல்விரும்பி:
சரி, செம்பு நாடாவை விடுங்கள். ஆனால் லெட்யூஸ் வேறு, ஹோஸ்டா வேறு. ஹால்சியன், சம் அண்ட் சப்ஸ்டன்ஸ் மாதிரித் தடித்த இலை ரகங்களை நத்தை அவ்வளவாகச் சீண்டாது. மெல்லிய இலை ரகத்தை வாங்கி வைத்துவிட்டுத் தொட்டிமேல் பழி போடக் கூடாது. மண்ணில் 5 டிகிரிக்கு மேல் சூடு வந்த பிறகு நத்தையைக் கொல்லும் நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம், விஷம் தூவ வேண்டியதில்லை.

ஈரக்கை:
தொட்டி நல்லதுதான், ஆனால் நத்தையைவிட மோசமான ஒன்று தொட்டிக்குள்ளேயே வரும். ஒரு வசந்தத்தில் என் தொட்டி ஹோஸ்டா ஒன்று கிளம்பவே இல்லை. குருத்தைப் பிடித்து லேசாக அசைத்தேன், தொப்பி கழன்றாற்போல அப்படியே கையோடு வந்துவிட்டது. கீழே ஒரு வேர்கூட இல்லை. மண்ணைக் கொட்டினால் வெள்ளைப் புழுக்கள், பழுப்புத் தலை, ஒவ்வொன்றும் பிறை போலச் சுருண்டு கிடந்தன. கூன்வண்டின் புழு. தொட்டிச் செடி என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. குளிர்காலம் முழுக்க உள்ளே இருந்து தின்றிருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை.

குளிருக்குத் தொட்டியை வெளியே விட்டால் இன்னொரு தொல்லை. ஹோஸ்டாவுக்குக் குளிர் வேண்டும், அது இல்லாவிட்டால் சரியாக உறங்கி எழாது. குளிர் கொல்லாது, தேங்கிய தண்ணீர்தான் கொல்லும். இலை உதிர்ந்ததும் நான் தொட்டிகளைச் சுவரோரம் சாய்த்துப் படுக்கவைத்துவிடுவேன்.

மண்வெட்டி:
ஆக, கோடையில் தினமும் தண்ணீர், குளிரில் படுக்கை, நடுவில் புழுச் சோதனை. ஒரு கொடியின் காலுக்கு நிழல் தர இத்தனை சேவகம்! அதுவும் வெயில் கேட்கிற கொடியையும் வெயிலில் இலை கருகுகிற செடியையும் ஜோடி சேர்த்து.

நிழல்விரும்பி:
அங்கேதான் தவறு செய்கிறீர்கள். அவர் வைத்திருப்பது நெல்லி மோசர். 1897 முதல் இருக்கிற ரகம். அந்தப் பூவின் இளஞ்சிவப்புக் கோடு சுள்ளென்ற வெயிலில் வெளுத்துவிடும் என்பதால்தான் அதைக் கிழக்குச் சுவரில் வைக்கச் சொல்வது. காலை வெயில், பிற்பகலில் நிழல். ஹோஸ்டாவுக்கும் அதே கணக்குத்தான் பொருந்தும். இந்தச் சுவரில் இரண்டும் ஒத்துப்போகும்.

மண்வெட்டி:
அது சரி. ரகத்தைக் கவனிக்காமல் பேசிவிட்டேன். நாள் முழுக்க வெயில் படும் சுவரில் ஜாக்மானி ரகக் கிளெமாட்டிஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைப் பார்த்து ஹோஸ்டா தொட்டி வாங்கிவிடாதீர்கள். ஆனால் நத்தை விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். தொட்டி தண்டிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்க வேண்டும், அதுவும் செங்கல் மேல், அடியில் காற்று போகும்படி. தண்டுக்கும் தொட்டிக்கும் நடுவே மூடாக்கு.

முற்றத்துக்கொடி:
பத்து நாள் கழித்து வருகிறேன். தொட்டிகளை இரண்டடி தள்ளிச் செங்கல் மேல் ஏற்றினேன், மூடாக்கும் போட்டேன். முதல் வாரம் ராத்திரி டார்ச்சோடு போய் நத்தை பொறுக்கினேன். முதல் ராத்திரி இருபத்து மூன்று, நேற்று நான்கு. கொடியின் அடியில், மண்ணை முட்டிக்கொண்டு ஊதா நிறத்தில் ஒரு துளிர்!

மண்வெட்டி:
மூடாக்குக்குக் கீழே ஈரம் நின்றது, அதுதான்.

நிழல்விரும்பி:
பத்து நாளிலா? இருபத்து மூன்று நான்கானதுதான் காரணம். தொட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள் ஐயா.

கத்தரிக்கோல்:
நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள். முற்றத்துக்கொடி, அந்தத் துளிர் கண்ணாடி மாதிரி, விரல் பட்டாலே ஒடியும். பிளாஸ்டிக் பாட்டிலின் இரண்டு முனையையும் வெட்டி வளையமாக அதைச் சுற்றிப் புதையுங்கள். பக்கத்தில் ஒரு மெல்லிய குச்சி. பென்சிலைவிடத் தடிமன் வேண்டாம், இந்தக் கொடி இலைக்காம்பைச் சுற்றித்தான் ஏறும், தடித்த கழியை அதனால் பிடிக்க முடியாது. ஒரு அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், அடியிலிருந்து இன்னும் இரண்டு கிளம்பும். மற்றபடி நெல்லி மோசருக்கு அடியோடு வெட்டும் கவாத்து வேண்டாம். குளிர் முடியும்போது காய்ந்ததையும் நோஞ்சானையும் மட்டும் எடுங்கள், பழைய தண்டில்தான் முதல் பூ வரும்.

முற்றத்துக்கொடி:
பாட்டில் புதைத்தாயிற்று. குச்சி தேடிப் போகிறேன்.