மாநிலம் நிதி தந்த பிறகும் தண்ணீர் பில் ஏன் ஏறுகிறது? (மாசசூசெட்ஸ், பிஃபாஸ்)

மதுரை2பாஸ்டன்

பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சின்ன டவுனில் இருக்கிறோம். குடிநீர்க் கிணறுகளில் பிஃபாஸ் (எளிதில் சிதையாத செயற்கை ரசாயனங்கள்) இருக்கிறது என்று முன்பே கடிதம் வந்தது. இப்போது வடிகட்டும் நிலையம் கட்டப்போகிறார்களாம், மாநில நிதியும் கிடைத்துவிட்டதாம். நல்ல விஷயம்தான். ஆனால் அதே உறைக்குள் இன்னொரு தாள்: தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக உயரும்! அரசு காசு கொடுத்தால் நம் பில் எதற்கு ஏற வேண்டும்? டவுனே பணத்தை முழுங்குகிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த மாதம் டவுன் மீட்டிங்கில் (ஊர்க்காரர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) இதற்கு ஓட்டெடுப்பு. நான் ஹெச்1பி விசா, ஓட்டு கிடையாது. பில் மட்டும் தவறாமல் வருகிறது.

அப்புறம், கொதிக்கவைத்த தண்ணீரில்தான் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்குகிறோம். அது போதும்தானே?

குழாயடி

போதாது. முதலில் அந்தத் தண்ணீரில் கலக்குவதை நிறுத்துங்கள். கொதித்தால் கிருமி சாகும், பிஃபாஸ் போகாது. தண்ணீர் ஆவியாகி அது பாத்திரத்திலேயே தங்கும், அடர்த்திதான் கொஞ்சம் கூடும். சிங்குக்கு அடியில் ஆர்ஓ போடுங்கள். பெட்டியில் பிஃபாஸுக்குச் சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி பணம். பக்கத்து மாநிலத்தில் ஒரு ஊரின் தண்ணீர்ப் பிரிவில்தான் எனக்கு வேலை, இதே கேள்வி தினமும் போனில் வருகிறது. 'நிதியுதவி' என்று தாளில் போட்டாலும் அதில் பெரும்பகுதி கடன். மாசசூசெட்ஸில் க்ளீன் வாட்டர் டிரஸ்ட் என்ற அமைப்பு கொடுக்கிறது. மத்திய அரசு ஆண்டுதோறும் பணம் போடும், மாநிலமும் தன் பங்கைச் சேர்க்கும். ஊர்கள் திருப்பிக் கட்டுவதை எடுத்து அடுத்த ஊருக்குக் கொடுப்பார்கள். வழக்கமாக 2 சதவீத வட்டி. பிஃபாஸ் வேலைக்கு வட்டியே இல்லாமல் கொடுத்து வந்திருக்கிறார்கள். வசதி குறைந்த ஊர்களுக்கு அசலிலும் ஒரு பகுதி தள்ளுபடி உண்டு.

வட்டி இல்லாதது சாதாரண விஷயமில்லை. ஒரு கோடி டாலரை 4 சதவீதத்தில் 20 வருடத்துக்கு வாங்கினால் வட்டி மட்டும் 47 லட்சம் டாலர் வரும். ஆனாலும் அசலைக் கட்டியாக வேண்டும். பெரும்பாலான ஊர்களில் தண்ணீர்க் கணக்கு தனிக் கணக்கு, வரவு உங்கள் பில்தான். யாரும் முழுங்கவில்லை.

கட்டி முடித்தாலும் செலவு நிற்காது. உள்ளே ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்புத் தொட்டிகள், அவற்றில் பிஃபாஸைப் பிடித்துவைக்கும் கரி நிறைய. தண்ணீர் முதல் தொட்டியில் இறங்கி இரண்டாவதற்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய், அங்கேதான் சாம்பிள் பிடிப்போம். அதில் பிஃபாஸ் தலைகாட்டினால் முதல் தொட்டிக் கரி தீர்ந்தது, மாற்ற வேண்டும். அதற்கு யாரும் வட்டியில்லாக் கடன் தருவதில்லை. (காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டு ஏற்றுமதி செய்கிறார்களே, அந்த வகைக் கரியும் உண்டு. எங்களிடம் இருப்பது நிலக்கரியில் செய்தது.)

தள்ளிப்போடவும் முடியாது. 2020இலேயே மாசசூசெட்ஸ் ஆறு வகைப் பிஃபாஸின் கூட்டுத்தொகை லட்சம் கோடிக்கு 20 பங்குக்கு மேல் போகக்கூடாது என்றது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு அந்த ஆறில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரண்டுக்கும் தலா 4 என்றது. ஊர்கள் அதற்குள் வர வைத்திருந்த 2029 கெடுவை 2031க்குத் தள்ளப்போவதாக 2025 மே மாதம் சொன்னார்கள், அந்த 4ஐத் தொடவில்லை.

நொய்யல்

நான் திருப்பூர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் கொடுத்தது. ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறிக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், அந்தக் கடனைத் திட்டாத ஆள் இல்லை. ஆனாலும் அங்கே கடனாளி சாயம் விட்டவர். உங்கள் ஊரில் தண்ணீர் குடிப்பவர் கடனாளியா? என்ன கணக்கு இது?

குழாயடி

சரியான கேள்வி. அதற்காகத்தான் ஊர்கள் கோர்ட்டுக்குப் போயின. 2023இல் பிஃபாஸ் தயாரித்த 3எம் குறைந்தது 1,030 கோடி டாலரும், டூபான்ட் வகையறா நிறுவனங்கள் 118.5 கோடியும் குடிநீர் அமைப்புகளுக்குத் தர ஒத்துக்கொண்டன. நாடு முழுக்கப் பிரிக்கும்போது ஒரு சின்ன ஊருக்கு வருவது கட்டுமானச் செலவில் ஒரு துண்டுதான். ஆனால் கேட்டவர்களுக்குத்தான் அதுவும்.

மதுரை, மீட்டிங்கில் இதைக் கேளுங்கள்: அந்தச் சமரசத் தொகைக்கு நம் ஊர் மனுப் போட்டதா, வந்த பணம் தண்ணீர்க் கணக்கில் சேர்ந்ததா, பொதுக் கணக்கில் கரைந்ததா? அசலில் தள்ளுபடி எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மதுரை2பாஸ்டன்

ஆர்ஓ ஆர்டர் போட்டுவிட்டேன். ஓட்டில்லாத ஆளைப் பேச விடுவார்களா?

குழாயடி

பெரும்பாலும் விடுவார்கள், கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர் அனுமதி வேண்டும். முதல் நாளே டவுன் கிளார்க்குக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள். ஓட்டில்லாதவர்களுக்குத் தனி வரிசை போட்டிருப்பார்கள், அங்கே போய் உட்காருங்கள்.