நடுஇரவில் விழிப்பு, பகலில் களைப்பு: தூக்க மாத்திரையைத் தொடரலாமா?

வைகறை:
எனக்கு 53 வயது. இரவு ஒன்பதரைக்குப் படுத்தால் உடனே தூங்கிவிடுகிறேன். இரண்டு மணிக்கெல்லாம் விழிப்பு. பிறகு விடியும்வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு தொடங்கிய தொல்லை இது. மருத்துவர் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டால் தூக்கம் வருகிறது, ஆனால் காலையில் தலை பாரமாக இருக்கிறது. வகுப்பில் விடைத்தாள் திருத்தும்போதே கண் செருகுகிறது. மாத்திரையைத் தொடரலாமா? வேறு வழி உண்டா?

நிலவன்:
உண்டு அம்மா. எனக்குக் கைகொடுத்தது அறிதல் நடத்தைச் சிகிச்சை, அதாவது மாத்திரை இல்லாமல் தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது அதன் முக்கியப் பகுதி. ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்துவிட வேண்டும். படுத்திருக்கும் நேரத்தில் 85 விழுக்காடு தூக்கமாகக் கழியத் தொடங்கியதும் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். முதல் வாரம் கடினம், விட்டுவிடாதீர்கள்.

இரவுப்பணி:
நல்ல சிகிச்சைதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்துக்கான அழுத்தம் கூடுகிறது. தாமதமாகப் படுத்தால் அது வலுவாக இருக்கும்.

ஆனாலும் அதற்கு முன் ஒரு கேள்வி: அக்கா, நீங்கள் குறட்டை விடுவதுண்டா? வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் தூக்க ஆய்வகத்தில் இரவு முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவள். மூக்கடியில் ஒட்டிய குழாய் காட்டும் மூச்சுக் கோடு திடீரென்று தட்டையாகும். மார்பும் வயிறும் மட்டும் காற்றுக்காக எதிரும் புதிருமாக அசையும். சற்றுப் பொறுத்து இரத்தத்தில் ஆக்சிஜன் 94, 90, 86 விழுக்காடு என்று இறங்கும். அப்புறம் மூளை அலைகள் ஒரு கணம் படபடக்கும், பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். காலையில் கேட்டால் எதுவும் நினைவிருக்காது. தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்வதால் வரும் இதுதான் தூக்க மூச்சுத்தடை. கனவு காணும் தூக்கத்தில் தசைகள் மிகவும் தளர்வதால் தடை பெரும்பாலும் அப்போது கூடும். அந்தத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம்.

பெண்களிடம் பல நேரம் இது தூக்கமின்மையாகவும் களைப்பாகவும் காலைத் தலைவலியாகவுமே வெளிப்படும். மாதவிடாய் நின்றபின் இதற்கான வாய்ப்பும் கூடும். அப்படிப்பட்டவர்களை மாத்திரையோடு அனுப்பிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வைகறை:
மகளைக் கேட்டேன். குறட்டை விடுகிறேனாம். நடுவில் சத்தமே நின்றுபோய், திணறியதுபோல் மறுபடி மூச்சு வருகிறதாம். சென்ற ஆண்டுதான் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தொடங்கினார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

இரவுப்பணி:
பயப்படாதீர்கள் அக்கா, நல்ல சிகிச்சை இருக்கிறது. தூக்கநோய் மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள். மகளையும் அழைத்துப் போங்கள், அவர் பார்த்ததை அவரே சொல்லட்டும். பலருக்கு வீட்டிலேயே செய்யும் சோதனை போதும். ஒரு மணி நேரத்தில் 5 முதல் 15 முறை வரை மூச்சு தடைப்பட்டால் இலேசானது, 30-க்கு மேல் கடுமையானது.

தேவைப்பட்டால் சிபாப் கருவி தருவார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்ட முறை அது. முகமூடி வழியாக வரும் காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் காக்கும். காற்று கசிந்து கண்ணில் அடித்தால் முகமூடி பொருந்தவில்லை என்று பொருள், தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்தச் சின்னத் தொல்லைக்காகவே கருவியை மூலையில் போட்டவர்கள் நிறையப் பேர்.

சில தூக்க மாத்திரைகள் மூச்சுத்தடையை மோசமாக்கக்கூடும். உங்கள் மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், அவர் படிப்படியாகக் குறைப்பார். நிலவன் சொன்ன நேரக் குறைப்பும் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கட்டும். பகலில் கண் செருகும் இந்த நிலையில் வண்டி ஓட்டாதீர்கள்.