ஜெயித்த அணியில் கட்டியும் காசு போனது எப்படி? -3.5 கணக்கு புரியவில்லை

துவாஸ் தம்பி:
சிங்கப்பூரில் எங்கள் பட்டறையில் அமெரிக்க இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை காலையில் அவர்கள் ஊர்க் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) பார்த்துக்கொண்டிருந்தார். லாஸ் வேகாஸில் இருக்கும் அவர் அண்ணன் பந்தயம் கட்டிய அணி 24-21 என்று ஜெயித்தது. நான் கைதட்டினேன், அவரோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அனுப்பிய ரசீதில் அணிப் பெயருக்குப் பக்கத்தில் -3.5, அதற்குக் கீழே -110. இது என்ன கணக்கு? அறைத்தோழர் வேறு வாட்ஸ்அப்பில் ஒரு வெளிநாட்டுத் தளத்தின் லிங்க் அனுப்பி, சேர்ந்தால் 50 வெள்ளி (டாலர்) போனஸ் என்கிறார்.

ஈசூன்வாசி:
தம்பி, 24-இல் 3.5-ஐக் கழித்துப் பாருங்கள். 20.5. எதிரணியின் 21-ஐவிடக் குறைவு, அதனால் அண்ணன் கட்டியது தோற்றது. பலமான அணிமீதே எல்லாரும் கட்டிவிடுவார்கள் அல்லவா? அதற்காகத்தான் அதன் தலையில் இந்தச் சுமை. எதிரணியில் +3.5 என்று கட்டியவர்கள் ஆட்டம் தோற்றும் காசு பார்த்தார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து பந்தயத்துக்கு வந்த சார்லஸ் மெக்நீல் 1940களில் சிகாகோவில் கண்டுபிடித்த முறை என்பார்கள்.

அந்த அரைப் புள்ளிதான் விஷயமே. வெறும் -3 என்றிருந்தால் கணக்கு சமன், கட்டிய காசு அப்படியே திரும்பியிருக்கும். அந்த ஆட்டத்தில் பந்தை உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி. அதனால் சரியாக 3 வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்கள் நிறைய.

-110 என்றால் 100 சம்பாதிக்க 110 கட்ட வேண்டும். இருபக்கமும் ஒவ்வொருவர் கட்டினால் 220 சேரும். ஜெயித்தவருக்கு 210 போக, 10 பந்தயம் நடத்தும் புக்கிக்கு. அதனால் ஏறக்குறைய 52.4 சதவீதப் பந்தயங்களைச் சரியாகச் சொன்னால்தான் கைக்காசு கரையாமல் நிற்கும்.

காப்பிக்கடை ரசிகன்:
புக்கிகளே மாட்டிக்கொண்டதும் உண்டு. 1979 சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் டல்லாஸுடன் மோதிய பிட்ஸ்பர்க்குக்கு -3.5 என்று தொடங்கினார்கள். காசு குவியக் குவிய -4.5 வரை ஏற்றினார்கள். பிட்ஸ்பர்க் 35-31 என்று ஜெயித்தது, வித்தியாசம் சரியாக 4. முதலில் பிட்ஸ்பர்க்கிலும் பிறகு டல்லாஸில் +4.5 என்றும் கட்டியவர்கள் இரண்டிலும் ஜெயித்தார்கள். வேகாஸில் அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்றே சொல்கிறார்கள்.

தேக்கா அக்கா:
தம்பி, லிங்க்கைத் தொடாதீங்க. சிங்கப்பூரின் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத தளத்தில் கட்டுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. என் தம்பி இப்படி ஒரு தளத்தில் 600 வெள்ளி போட்டான். கணக்கில் 900 காட்டியது. எடுக்கப் போனால், முதலில் 200 வரி கட்டு என்றார்கள். அதையும் கட்டினான். மறுநாள் தளமே திறக்கவில்லை. மூன்று மாதம் ஊருக்குப் பணம் அனுப்பாமல் அம்மாவிடம் பொய் சொன்னான். அறைத்தோழரால் நிறுத்த முடியவில்லை என்றால் 1800-6-668-668-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள், பிரச்சினைச் சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தின் உதவி எண்.

துவாஸ் தம்பி:
நன்றி அண்ணே, அக்கா. லிங்க்கை அழித்துவிட்டேன். அறைத்தோழரிடம் இன்றிரவு பேசுகிறேன். இன்ஜினியரிடம் அரைப் புள்ளியைப் பற்றிக் கேட்டேன். வியாழக்கிழமை வரை -3 என்றுதான் இருந்ததாம். அண்ணன் சனிக்கிழமை கட்டியிருக்கிறார்.