கொழும்பு ஆமர் வீதிச் சந்தி, 1993 மே 1: அன்று எங்கே இருந்தீர்கள்?

ஜம்பட்டா வீதிக்காரன்:
ஜனாதிபதி பிரேமதாச அன்று தற்கொலைக் குண்டில் கொல்லப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும், நேரே வருகிறேன். சந்திக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் நின்று அவருடைய கட்சியான யூ.என்.பி.யின் மே தின ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணிக்குச் சற்று முன்னால் வெடித்தது. எனக்குள் நிற்பது அந்தச் சத்தம் இல்லை. பின்னால் வந்த கூட்டத்துக்கு ஒன்றுமே தெரியாது, பப்பரே வாத்தியக்காரர்கள் பைலா வாசித்தபடியே வருகிறார்கள், முன்னாலிருந்து சனம் தலைதெறிக்க ஓடி வருகிறது. ட்ரம்பெட்காரர் ஒருவர் ஓடி வருபவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசித்தார், அவர்களும் ஆட வருகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு எப்போது நிறுத்தினார் என்று பார்க்கவில்லை, கடைக்காரர் எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

வெள்ளவத்தை வாசுகி:
எங்களுக்கு விஷயம் தெரிய மாலையாகிவிட்டது. ஊரடங்கு வேறு. 83 கலவரம் பார்த்த வீடு, சொல்லத் தேவையில்லை. அம்மா கண்ணாடிக்கு முன்னால் போய் நெற்றிப் பொட்டை அழித்தார், என்னையும் கூப்பிட்டு அழித்துவிட்டார். வெளியே போக முடியாத நாளில், பூட்டிய வீட்டுக்குள், யார் பார்க்கப்போகிறார்கள்? கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அன்று இரவு எங்கள் ஒழுங்கையில் ஒன்றும் நடக்கவில்லை. மேல்வீட்டுச் சிங்கள ஆன்ட்டி பாணும் பருப்பும் அனுப்பினார், அவ்வளவுதான்.

புதுக்கடை ரவி:
@ஜம்பட்டா வீதிக்காரன், பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாது என்பது சரி. ஆனால் இதை எழுதும்போது பலர் ஏதோ வெளியாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த மாதிரி எழுதுகிறார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. குண்டோடு வந்தவன், பாபு என்று கூப்பிட்ட அந்தப் பையன், ஜனாதிபதியின் பணியாளோடு பழகி, வாழைத்தோட்டத்தில் ஜனாதிபதியின் வீடான சுசரித பக்கம் போய் வந்தவன். சைக்கிளில் வந்தவனைப் பாதுகாப்பு ஆட்கள் தள்ளி நிறுத்தாததற்கு அதுதான் காரணம், தெரிந்த முகம். ஜனாதிபதியோ வாகனத்தை விட்டு இறங்கி, தானே நின்று ஊர்வலத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார், அது அவருடைய பழக்கம், எல்லாவற்றையும் தானே பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்னால்தான், ஏப்ரல் 23ல், கிருலப்பனைக் கூட்டத்தில், யூ.என்.பி.யிலிருந்து பிரிந்துபோன லலித் அத்துலத்முதலியைச் சுட்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் தெருவில் இறங்கி நின்றார். இன்னொன்று, ஜனாதிபதி இறந்த செய்தி கேட்டுப் பல இடங்களில் பட்டாசு கொளுத்தினார்கள் என்பதும் உண்மை. வாசுகி, உங்கள் ஒழுங்கையில் இல்லாமல் இருக்கலாம், எங்கள் பக்கம் கேட்டது. என் மாமாவைக் கேட்டால் பாபுவோடு டீ குடித்ததாகச் சொல்வார். 1993க்குப் பிறகு அந்த வட்டாரத்தில் அவனோடு டீ குடிக்காத ஆளே இல்லை.

லொட்ஜ் 14:
நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தேன், எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பெடியள், வெளிநாடு போகவோ வேலைக்கோ காத்திருந்தவர்கள். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டோம். குண்டுக்குப் பிறகு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், அறைகளைக் கிளறினார்கள், அதெல்லாம் பழகினது. அப்புறம் ஒருவர் படிக்கட்டுக்குக் கீழே சாத்தியிருந்த சைக்கிளைக் காட்டி "மேக காகேத?" என்றார். யாருடையது என்று எங்களில் எல்லாருக்கும் தெரியும், சொந்தக்காரனும் என் பக்கத்தில்தான் நிற்கிறான், நேற்றுத்தான் செயினுக்கு எண்ணெய் விட்டவன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். லொட்ஜ் முதலாளி "யாரோ விட்டுவிட்டுப் போனது" என்றார். அவர்கள் அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் பிறகு வேலைக்கு நடந்தே போனான், அதைப்பற்றி எங்களோடு பேசவேயில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது கனடாவில் இருக்கிறான், பேசுவோம், எல்லாம் பேசுவோம், அந்தச் சைக்கிளைத் தவிர.

பழைய பத்திரிகைப் பிரியன்:
நான் காலிமுகத்திடலில் நின்றேன். ஊர்வலம் வந்து சேரவேண்டிய இடம் அதுதானே. தலைவர்கள் வரவில்லை, ஒலிபெருக்கியில் யாரும் காரணம் சொல்லவில்லை, கலைந்து வீட்டுக்கு வந்தோம்.

எல்லாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் இங்கே எழுதிவிட்டு விடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே போனில் ரெக்கோர்ட் பண்ணுங்கள், கேள்வி கேட்டுக் குறுக்கிடாதீர்கள், அவர்கள் ஊர்க் கதைக்குப் போனாலும் விடுங்கள், திரும்பி வருவார்கள். நேரம், இடம் முதலில் எழுதுங்கள், கோபத்தைப் பிறகு எழுதலாம். அதே கிழமை வந்த வீரகேசரி, தினகரன் இரண்டையும் கொழும்பு 7ல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள், சிங்களப் பத்திரிகையும் ஆங்கிலப் பத்திரிகையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் எதை விட்டார்கள் என்று தெரியும். சந்தியை அன்றே தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டார்கள், தடயம் போய்விட்டது என்று பிறகு எவ்வளவு பேச்சு வந்தது, அதனால் கண்ணால் பார்த்தவர்களின் பேச்சுக்குத்தான் மதிப்பு. டி.பி. விஜேதுங்க அன்றே பதில் ஜனாதிபதியானார், அதற்குப் பிறகு நடந்த அரசியலை இதில் கலக்காதீர்கள். ரவி, உங்கள் மாமாவையும் ரெக்கோர்ட் பண்ணுங்கள், டீ கதையோடு சேர்த்து.

புதுக்கடை ரவி:
மாமா காசு கேட்பார்.

லொட்ஜ் 14:
@பழைய பத்திரிகைப் பிரியன், ரெக்கோர்ட் பண்ணலாம் அண்ணை. ஆனால் கனடாக்காரனிடம் நான் முதல் கேள்வியை எப்படிக் கேட்பது என்று சொல்லுங்கள்.