கண்ணாடி போட்ட பையன்

செல்வி: கவினை இன்னைக்கு ஃபுட்பால் டீம் செலக்‌ஷன்ல எடுக்கல. பந்தே குடுத்துப் பார்க்கலையாம். ஒல்லியா இருக்கான், கண்ணாடி வேறன்னு வரிசையிலேர்ந்தே அனுப்பிட்டாங்க. பூட்ஸைக் கூட கழட்டாம திண்ணையிலயே உக்காந்திருக்கான்.

அம்மா: சாப்பிட்டானா?

செல்வி: இல்லம்மா.

முரளி (அபர்டீன், ஸ்காட்லாந்து): அக்கா, போனை அவன்கிட்ட குடு. கவின், இந்த ஊர்ல பிறந்தவர் டெனிஸ் லா, பெரிய ஃபுட்பால் வீரர். அப்பா கடல்ல மீன் பிடிக்கிறவர். வீட்ல 7 பிள்ளைங்க, இவர்தான் கடைக்குட்டி. 15 வயசுல மாறுகண், கண்ணாடி, குச்சி உடம்பு. 1955-ல ஹடர்ஸ்ஃபீல்டு டவுன்ங்கிற இங்கிலாந்து க்ளப்புக்கு ஆட்டத்தைக் காட்டப் போனார்.

முரளி: அங்க மேனேஜர் ஆண்டி பீட்டி. நான் தினம் ரயில்ல தாண்டிப் போற கிண்டோர்தான் அவருக்குச் சொந்த ஊர். லாவைக் கண்டுபிடிச்சு அனுப்பினதே பீட்டியோட சகோதரர் ஆர்ச்சி. ஆனா பார்த்ததும் பீட்டிக்கே நம்பிக்கை வரல. இந்த உடம்பை வச்சுக்கிட்டு இவன் எங்க ஆடப்போறான்னுதான் தோணுச்சாம். இருந்தாலும் திருப்பி அனுப்பல. இறக்கி ஆட விட்டார். பார்த்துட்டு கையோட சேர்த்துக்கிட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரை அவ்ளோ பிடிக்கும்டா.

கவின்: கண்ணாடி போட்டுட்டா ஆடினாரு?

முரளி: கழட்டிட்டு, வலது கண்ணை மூடிக்கிட்டே ஆடுவாராம்! க்ளப்ல சேர்ந்தப்புறம்தான் கண் ஆபரேஷன். 16 வயசுல பெரிய டீம்ல முதல் மேட்ச். பின்னாடி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 237 கோல். 1964-ல பாலன் டி'ஓர், அதாவது ஐரோப்பாவோட சிறந்த வீரர் விருது. ஸ்காட்லாந்துல வேற யாருக்கும் அது கிடைச்சதில்ல.

சண்முகம் பெரியப்பா: பீட்டின்னா 1954 உலகக் கோப்பையில ஸ்காட்லாந்து டீமோட மேனேஜரா இருந்து பாதியில விட்டுட்டு வந்தவர்தானே?

முரளி: அவரேதான் பெரியப்பா. 22 பேரைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தும், ஸ்காட்லாந்து கால்பந்து சங்கம் 13 பேரைத்தான் போட்டி நடந்த சுவிட்சர்லாந்துக்கு அனுப்புச்சு. ஜூன் வெயில்ல முழுக்கை கம்பளி ஜெர்சி! ஆஸ்திரியாகிட்ட 1-0 தோல்வி. உருகுவே மேட்சுக்கு முன்னாடியே விலகுறேன்னு சொல்லிட்டார். அந்த மேட்ச்ல 7-0 தோல்வி.

சண்முகம் பெரியப்பா: 7 கோல் வாங்கினது பசங்கதானேப்பா. கூட நின்னிருக்கணும்.

முரளி: அது நியாயம்தான். ஆனா அந்த ஒரு வாரத்தை மட்டும் வச்சு அவரை எடை போடாதீங்க. 1959-ல அதே சங்கம்தான் திரும்பவும் அவரைக் கூப்பிட்டுச்சு. ஆடுற காலத்துல பிரெஸ்டன்ங்கிற இங்கிலாந்து க்ளப்புக்கு லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரர். பின்னாடி லிவர்பூல் மேனேஜரா பேர் வாங்கின பில் ஷாங்க்லியும் அதே டீம். 1938-ல இங்கிலாந்து க்ளப்புகளோட எஃப்.ஏ. கோப்பை ஃபைனல்ல அவங்க தோற்கடிச்சதே ஹடர்ஸ்ஃபீல்டைத்தான்! பிறகு அதே க்ளப்புக்கு மேனேஜரா வந்து, 1953-ல இரண்டாம் டிவிஷன்லேர்ந்து முதல் டிவிஷனுக்கு ஏத்திவிட்டார். அந்த சீசன் 42 மேட்சுக்கும் தடுப்பு வரிசையில ஒருத்தரைக் கூட மாத்தல. மேனேஜர் வேலை முடிஞ்சதும், திறமையான ஆட்டக்காரங்களைத் தேடுற ஸ்கவுட்டா மைதானம் மைதானமா அலைஞ்சார்.

சண்முகம் பெரியப்பா: 42 மேட்சுக்கும் அதே ஆளுங்களா! இது எனக்குத் தெரியாதுப்பா.

முரளி: அக்கா, கண் டாக்டர்கிட்ட கேட்டு, பின்னாடி பட்டை வச்ச விளையாட்டுக் கண்ணாடி வாங்கு. பணம் இப்பவே போடுறேன். கவின், பூட்ஸ் சைஸ் என்னடா?

கவின்: 5 மாமா. கொஞ்சம் இறுக்குது.