ஐஓஎஸ் 26: கண்ணாடித் தோற்றத்தில் எழுத்து தெளிவாகத் தெரிய எந்தெந்த செட்டிங்ஸ்?

குறில்நெடில்

ஐபோன் 12, இப்போது ஐஓஎஸ் 18.7-இல் இருக்கிறது. பயன்படுத்துபவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தவர். போனின் மொழி தமிழ் (18.4 அப்டேட்டில் தமிழ் மெனு வந்ததிலிருந்து அப்படித்தான்). பாதுகாப்புக்காக 26-க்கு மாற்றியாக வேண்டும். லிக்விட் கிளாஸ் (26-இல் வந்த கண்ணாடித் தோற்றம்) பற்றி வரும் புகார்களைப் படித்தால் முக்கால்வாசி ‘எழுத்து தெரியவில்லை’ என்பதாகவே இருக்கிறது. அதனால் கேட்கிறேன்:

அப்டேட் முடிந்த கையோடு எதையெல்லாம் மாற்ற வேண்டும், எந்த வரிசையில்? எல்லா சுவிட்சையும் ஒரேயடியாகப் போட்டால் வேறு ஏதாவது கெடுமா? போன் ஆப்பும் சஃபாரியும் பழைய அமைப்புக்குத் திரும்புமா? ஒத்துவரவில்லை என்றால் மறுபடி 18-க்குப் போக வழி உண்டா? பேட்டரி?

‘நாலு நாளில் பழகிவிடும்’ என்பதைத் தவிர எந்தப் பதிலும் சரி.

---

மூன்றாம் கண்

ஒரேயடியாகப் போட்டால் போன் கெடாது. ஆனால் எந்த சுவிட்ச் எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போய், தேவையில்லாததும் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். கீழே சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாகப் போட்டு, கன்ட்ரோல் சென்டர், லாக் ஸ்கிரீன் நோட்டிஃபிகேஷன், சஃபாரியின் அட்ரஸ் பட்டை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தெளிந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மெனு பெயர்களை ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே தருகிறேன். தமிழ் மெனுவிலும் வரிசை அதேதான்.

முதலாவது: செட்டிங்ஸ் > டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ் > லிக்விட் கிளாஸ். அங்கே கிளியர், டின்டட் என்று இரண்டு இருக்கும், டின்டட் வையுங்கள். இது 26.1-இல்தான் (2025 நவம்பர்) வந்தது. செப்டம்பரில் 26 வெளியானபோது எழுதப்பட்ட கட்டுரைகளில் இருக்காது. ஆப்களுக்குள் உள்ள பட்டைகளும் லாக் ஸ்கிரீன் நோட்டிஃபிகேஷன்களும் கொஞ்சம் கனமாகி, பின்னால் இருப்பது மங்கும். ஒரு குழப்பம்: ஹோம் ஸ்கிரீனை அழுத்திப் பிடித்து எடிட் > கஸ்டமைஸ் போனால் அங்கேயும் ஒரு ‘டின்டட்’ உண்டு. அது ஐகான்களுக்கு ஒரே நிறம் பூசுவது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐகான்களுக்கு டிஃபால்ட்டே நல்லது. புதிதாக வந்த ‘கிளியர்’ ஐகான் பக்கம் போகவே வேண்டாம். எல்லா ஐகானும் நிறம் போய் ஒரே மாதிரி ஆகிவிடும், நிறத்தை வைத்து ஆப்பைத் தேடுபவருக்கு அது பெரிய இழப்பு.

இரண்டாவது: அக்சஸபிலிட்டி > டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் > ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி. உங்கள் விஷயத்தில் அதிகப் பலன் தரப்போவது இதுதான். கண்ணாடியைப் பனிபடிந்ததுபோல் ஆக்கி, பின்னால் இருப்பதை மறைக்கும். சில ஆப்களில் மேல், கீழ்ப் பட்டைகள் தட்டையான சாம்பலாகத் தெரியும். அழகு போகும், எழுத்து நிற்கும்.

இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட் அதே பக்கத்தில் இருக்கிறது. பொத்தான்களை ஏறத்தாழ முழுக் கருப்பாகவோ வெள்ளையாகவோ மாற்றி, சுற்றிலும் கோடு போடும். எங்கே தொட வேண்டும் என்பதே தெரியவில்லை என்றால் மட்டும் இது. எழுத்துதான் பிரச்சினை என்றால் முந்தையதே போதும்.

போல்டு டெக்ஸ்டைத் தமிழுக்குக் கட்டாயம் போடுங்கள். ஆங்கில எழுத்தில் இல்லாத சிக்கல் நமக்கு உண்டு: படத்தின் மேல் மிதக்கும் மெல்லிய எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி, அடுத்து கால், கொம்பு.

எழுத்தின் அளவைக் கூட்டும்போது கவனம். லார்ஜர் டெக்ஸ்டில் கோலை (ஸ்லைடரை) கடைசிவரை இழுத்தால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பொத்தானுக்குள் வெட்டுப்பட்டு ‘…’ ஆகும். அந்த அளவை மதிக்காத ஆப்களும் நிறைய. அதற்குப் பதில் டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ் > டிஸ்ப்ளே ஜூம் > லார்ஜர் டெக்ஸ்ட் போட்டுப் பாருங்கள். திரை முழுவதையும் சேர்த்துப் பெரிதாக்குவதால் எல்லா ஆப்பிலும் பலிக்கும். போட்டவுடன் திரை ஒருமுறை அணைந்து வரும், பயப்பட வேண்டாம். அதன்மேல் முதலில் சொன்ன லார்ஜர் டெக்ஸ்ட் கோலை ஓரிரு படி கூட்டினால் போதும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் வெளிச்சம் கூசினால் அக்சஸபிலிட்டி > டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் பக்கத்தில் ரெட்யூஸ் ஒயிட் பாயின்ட் இருக்கிறது. அசைவு தொந்தரவு செய்தால் அக்சஸபிலிட்டி > மோஷன் > ரெட்யூஸ் மோஷன். பொத்தான்கள் ஜெல்லிபோல் நெளிவது இதில் அடங்கும்.

இத்தனையும் செய்துவிட்டுப் பளபளக்கும் பட்டுப்புடவைப் படத்தை வால்பேப்பராக வைத்தால் பாதி உழைப்பு வீண். கண்ணாடிப் பொத்தான் பின்னணியைப் பார்த்துத்தான் கருப்பா வெள்ளையா என்று முடிவு செய்கிறது. பின்னணி முழுக்க இருட்டாகவோ முழுக்க வெளிச்சமாகவோ இருந்தால் சரியாக வரும். இரண்டும் கலந்திருந்தால் ஒரே சொல்லின் பாதி தெரியும், பாதி தெரியாது. வெப் உலகின் அணுகல் விதி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) கேட்கிறது. பின்னணி நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் அந்த விகிதத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த வடிவமைப்பின் அடிப்படைக் கோளாறே அதுதான் என்பது என் கணிப்பு. ஒரே நிறத்தில் வால்பேப்பர் வையுங்கள். குடும்பப் படம்தான் வேண்டும் என்றால் அதை லாக் ஸ்கிரீனுக்கு வைத்து, ஹோம் ஸ்கிரீனுக்கு மட்டும் ‘பிளர்’ போடலாம்: லாக் ஸ்கிரீனை அழுத்திப் பிடித்து கஸ்டமைஸ் > ஹோம் ஸ்கிரீன்.

லாக் ஸ்கிரீன் கடிகாரம் தனிக் கதை. கஸ்டமைஸில் கடிகாரத்தைத் தொட்டால் கிளாஸ், சாலிட் என்று வரும், சாலிட் எடுங்கள்.

---

பேட்டரி பாண்டி

பேட்டரிக்கு நான் சொல்றேன். அப்டேட் முடிஞ்ச முதல் சில நாள் பின்னாடி இன்டெக்சிங் (தேடறதுக்காக எல்லாத்தையும் பட்டியல் போடறது), ஃபோட்டோ அலசல்னு வேலை ஓடும். சூடாகும், சார்ஜும் இறங்கும். இது எல்லா பெரிய அப்டேட்லயும் உண்டு, ஆப்பிளே சொல்ற விஷயம்தான். ராத்திரி சார்ஜர்ல போட்டு வைஃபையோட விட்டுடுங்க. ஒரு வாரத்துக்கு மேலயும் அப்படியே இருந்தா மட்டும் செட்டிங்ஸ் > பேட்டரில எந்த ஆப் தின்னுதுன்னு பாருங்க.

12 பழைய போன். பேட்டரி ஹெல்த்ல மேக்சிமம் கபாசிட்டி 80 சதவீதத்துக்குக் கீழ இருந்தா, 26-ஐத் திட்டறதுக்கு முன்னாடி பேட்டரியை மாத்துங்க. அடாப்டிவ் பவர்னு 26-ல புதுசா ஒண்ணு வந்திருக்கே, அது 15 ப்ரோவுல இருந்துதான். 12-ல தேடாதீங்க, இருக்காது. லோ பவர் மோட் மட்டும்தான். டிரான்ஸ்பரன்சியைக் குறைச்சா பேட்டரி ரொம்ப மிச்சமாகும்னு வீடியோ போடறாங்க. கண்ணுக்காகப் போடுங்க, பேட்டரிக்காகன்னா பெருசா எதிர்பார்க்காதீங்க.

அப்புறம், 64 ஜிபி மாடலா? இடம் பத்தலைன்னு அப்டேட் நிக்கும். படம் எதையும் அழிக்க வேண்டாம். கேபிள்ல கம்ப்யூட்டரோட மாட்டி (மேக்னா ஃபைண்டர், விண்டோஸ்னா ஆப்பிள் டிவைசஸ் ஆப் இல்ல ஐடியூன்ஸ்) அங்க இருந்து அப்டேட் பண்ணுங்க. டவுன்லோட் கம்ப்யூட்டர்ல இறங்கறதால போன்ல கம்மி இடம் போதும். அதுக்கு முன்னாடி பேக்கப். ‘என்கிரிப்ட்’ டிக் பண்ணினாதான் பாஸ்வேர்டும் ஹெல்த் டேட்டாவும் சேர்ந்து வரும்.

---

பழைய சோறு

கேட்டவர் வேண்டாம் என்ற பதிலைத்தான் சொல்லப் போகிறேன், மன்னிக்க. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோதும் இதே கூச்சல். எழுத்து ஒல்லி, பொத்தானுக்கு உருவமே இல்லை, ஜூம் ஆவதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றார்கள். ஒரு வருடத்தில் ஆண்ட்ராய்டு உட்பட எல்லாரும் தட்டையாகிவிட்டார்கள். இன்றைக்கு ‘பழைய தெளிவான ஐபோன்’ என்று எல்லாரும் ஏங்குவது அந்த ஐஓஎஸ் 7-இன் வாரிசைத்தான்.

26-இல் நல்லதும் இருக்கிறது. 18-இல் குழப்பிவைத்த ஃபோட்டோஸ் ஆப்பில் லைப்ரரி, கலெக்‌ஷன்ஸ் என்று இரண்டு டேப் திரும்பி வந்துவிட்டது. பல ஆப்களில் தேடும் பொத்தான் கீழே கட்டைவிரலுக்கு எட்டும் இடத்துக்கு இறங்கியிருக்கிறது. தெரியாத எண் அழைத்தால் யார், என்ன காரணம் என்று போனே கேட்டுச் சொல்லும் வசதி பெரியவர்களுக்கு வரப்பிரசாதம்: செட்டிங்ஸ் > ஆப்ஸ் > போன் > ஸ்கிரீன் அன்னோன் காலர்ஸ்.

---

மூன்றாம் கண்

@பழைய சோறு, ஐஓஎஸ் 7 உதாரணம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். அப்போது மக்கள் பழகியதால் மட்டும் அடங்கவில்லை. 2013 அக்டோபரில் 7.0.3 வந்து ஜூம் அசைவை நிறுத்த வழி கொடுத்தது. 2014 மார்ச்சில் 7.1 வந்து பொத்தான்களுக்கு வடிவம் காட்டும் சுவிட்ச் கொடுத்தது. கூச்சல் போட்டதால் வந்தவை. இப்போதும் அதே கதைதான்: பீட்டா (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை) காலத்திலேயே கண்ணாடியைக் கனமாக்கி, மறுபடி மெலிதாக்கி, கடைசியில் 26.1-இல் தேர்வைப் பயனர் கையில் விட்டார்கள். 26.2-இல் லாக் ஸ்கிரீன் கடிகாரத்தின் தெளிவைக் கூட்டிக்குறைக்க ஒரு கோலும் சேர்ந்தது.

பழக்கம் என்பது பொத்தான் இடம் மாறினால் உதவும். கான்ட்ராஸ்ட் போதாத எழுத்தை, கண்புரை பார்த்த கண் எத்தனை நாள் பழகினாலும் படிக்காது. அழைப்பு வடிகட்டி பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஒன்று மட்டும்: மருத்துவமனை, கூரியர், கேஸ் சிலிண்டர் ஆள் எல்லாரும் தெரியாத எண்தான். ‘ஆஸ்க் ரீசன் ஃபார் காலிங்’ என்பதற்குப் பதில் ‘சைலன்ஸ்’ வைத்துவிட்டால் அவர்கள் அழைப்பு மணியே அடிக்காது.

---

தறியன்

ஆப் எழுதுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம். ‘அப்டேட் செய்த பிறகும் சில ஆப் பழைய மாதிரி, சில ஆப் புதிய மாதிரி, ஏன்?’ என்று அடுத்து கேட்பீர்கள். ஆப் எழுத ஆப்பிள் தரும் கருவியான எக்ஸ்கோட் 26-இல் கட்டிய ஆப்புக்குக் கண்ணாடித் தோற்றம் தானாக வரும். முந்தைய எக்ஸ்கோடில் கட்டியது பழைய தோற்றத்திலேயே ஓடும். புதியதில் கட்டினாலும் இன்ஃபோ பிளிஸ்ட் என்ற ஆப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு கீயைப் போட்டுப் பழைய தோற்றத்தைத் தற்காலிகமாகத் தக்கவைக்க முடியும். 2026 ஏப்ரல் முதல் ஸ்டோருக்கு அனுப்பும் எதுவும் 26-க்கான எஸ்டிகேயில்தான் (ஆப் கட்டும் கருவித்தொகுப்பு) கட்டப்பட வேண்டும் என்று ஆப்பிள் அறிவித்திருப்பதால் இந்தக் கலவை மெல்ல மறையும்.

செட்டிங்ஸில் எல்லாம் செய்தும் ஒரு ஆப்பில் மட்டும் கடைசி வரி கீழ்ப் பட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டால், அது உங்கள் போனின் குறை இல்லை. முன்பு பட்டை திரையின் அடியில் ஒட்டி இருந்தது. அதன் உயரத்தைக் கையால் எழுதிவைத்த ஆப்கள் உண்டு. இப்போது பட்டை மிதக்கிறது, சில ஆப்களில் ஸ்க்ரோல் செய்யும்போது சுருங்குகிறது. அந்தக் கணக்கு தப்புகிறது. கண்ணாடிமேல் கண்ணாடி வைப்பது இன்னொரு தவறு. ஒரு கண்ணாடியால் இன்னொரு கண்ணாடியின் நிறத்தை எடுத்துக்கொள்ள முடியாது, எனவே பக்கத்துப் பொத்தான்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாத நிழலில் நிற்கும். அந்த ஆப்பை அப்டேட் செய்து பாருங்கள், சரியாகாவிட்டால் எழுதியவருக்குப் புகார் அனுப்புங்கள்.

ஒரே ஆப்தான் தொல்லை, மற்றதெல்லாம் அழகாக இருக்கட்டும் என்றால் அக்சஸபிலிட்டி > பெர்-ஆப் செட்டிங்ஸ் போய் அந்த ஆப்பைச் சேர்த்து, ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சியை அதற்கு மட்டும் ஆன் செய்யலாம். ஹோம் ஸ்கிரீனையும் அந்தப் பட்டியலில் சேர்க்க முடியும்.

---

குறில்நெடில்

நன்றி. போன் ஆப், சஃபாரி, 18-க்குத் திரும்புவது: இவை மூன்றும் பாக்கி. அலாரம் நிறுத்துவதும் மாறிவிட்டது என்று படித்தேன்.

---

தறியன்

போன் ஆப்: கால்ஸ் டேபில் மேலே வலப்பக்கம் ஃபில்டர் குறி, அதில் ‘கிளாசிக்’. ஃபேவரைட்ஸ், ரீசன்ட்ஸ், கான்டாக்ட்ஸ் தனித்தனியாகத் திரும்பிவிடும்.

சஃபாரி: செட்டிங்ஸ் > ஆப்ஸ் > சஃபாரி, டேப்ஸ் பகுதியில் கம்பாக்ட், பாட்டம், டாப் என மூன்று. கம்பாக்ட்டில் பாதிப் பொத்தான்கள் மூன்று புள்ளிக்குள் போய்விடும், பெரியவருக்கு வேண்டாம். பாட்டம் வைத்தால் 18-இல் பார்த்ததற்கு மிக நெருக்கம்.

அலாரம்: 26.1 முதல் நிறுத்த இழுக்க வேண்டும், தொட்டால் நிற்காது. தூக்கக் கலக்கத்தில் தவறுதலாக நிறுத்திவிடாமல் இருக்கத்தான். விரல் நடுக்கம் உள்ளவருக்கு இழுப்பது கஷ்டம் என்றால் அக்சஸபிலிட்டி > டச் > பிரிஃபர் சிங்கிள்-டச் ஆக்‌ஷன்ஸ். லாக் ஸ்கிரீனில் கைபட்டு கேமரா திறந்துகொள்வதையும் 26.1-இலிருந்து கேமரா செட்டிங்ஸில் நிறுத்தலாம்.

18-க்குத் திரும்புவது: முடியாது. எந்தப் பதிப்பை நிறுவினாலும் ஆப்பிளின் சர்வர் கையொப்பம் (டிஜிட்டல் அனுமதி) தர வேண்டும். 26 ஓடக்கூடிய போன்களுக்கு 18-இன் கையொப்பத்தை நிறுத்திவிட்டார்கள். ‘டவுன்கிரேட் டூல்’ என்று காசு கேட்கும் சாஃப்ட்வேர் எதுவும் அதைத் தாண்ட முடியாது. 26-இல் எடுத்த பேக்கப்பும் 18-இல் ஏறாது. 26 ஓடாத எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் போன்கள் 18.7 வரிசையிலேயே நிற்கும். எனவே அப்டேட்டுக்கு முன்பே, 18-இலேயே போல்டு டெக்ஸ்ட், டிஸ்ப்ளே ஜூம், ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி மூன்றையும் போட்டுவிடுங்கள். அவை அப்படியே 26-க்கு வந்துவிடும். டின்டட் மட்டும் பிறகு.

---

பேட்டரி பாண்டி

கிளாசிக் மாத்தினதும் ஃபேவரைட்ஸ்ல பேர் எல்லாம் சரியா இருக்கான்னு ஒருதரம் பாத்துட்டு போனைக் கையில கொடுங்க. பெரியவங்க தேடறது முதல்ல அதைத்தான்.