பெருவின் ‘எஸ்தபிலிதாத்’ ஒப்பந்தத்துக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

பெரு நாட்டின் வெளிநாட்டு முதலீட்டு நிபந்தனைகள் குறித்த தொகுப்புக்கு ஒரு சொல் வேண்டும். ஸ்பானியத்தில் ‘கொன்வேனியோ தெ எஸ்தபிலிதாத் ஹுரிதிகா’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சட்ட நிலைத்தன்மை ஒப்பந்தம்’ என்று வரும். அப்படி எழுதினால் நாட்டில் அமைதி நிலவச் செய்துகொண்ட உடன்பாடு என்று வாசகர் எடுத்துக்கொள்வார். விஷயம் அதுவன்று.

பெரு 1991-இல் 662-ஆம் எண் சட்ட ஆணையைப் பிறப்பித்தது. குறிப்பிட்ட தொகையை முதலிடுவதாக வாக்களிப்பவரோடு அரசு பத்தாண்டுக்கு ஒப்பந்தம் போடும். சுரங்கமும் எண்ணெய் எரிவாயுவும் என்றால் குறைந்தது 1 கோடி டாலர். மற்றத் துறைகளுக்கு 50 இலட்சம் டாலர். பணம் இரண்டாண்டுக்குள், உள்நாட்டு வங்கி அமைப்பு வழியாக வந்து சேர வேண்டும். வராவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். அரசுத் தரப்பில் கையெழுத்திடும் முகமை புரோஇன்வெர்சியோன். முதலீட்டாளருக்கு ஓர் ஒப்பந்தம், முதலீட்டைப் பெறும் நிறுவனத்துக்கு வேறோர் ஒப்பந்தம், இரண்டும் தனித்தனி.

அதன் பலன் இது: கையெழுத்திட்ட நாளில் நடப்பிலிருந்த வருமான வரிச் சட்டம் காலம் முடியும்வரை அவருக்குப் பொருந்தும். நாடாளுமன்றம் மறுநாளே வரியை மாற்றினாலும் மாற்றம் அவரைத் தொடாது. இலாபத்தை வெளியே அனுப்பும் உரிமை, பாகுபாடின்மை, நிறுவனத்துக்கு ஆள் அமர்த்தும் முறை ஆகியவையும் பட்டியலில் உண்டு. பட்டியலில் இல்லாதவற்றுக்கு ஊருக்கெல்லாம் உள்ள சட்டம்தான்.

ஆக, சட்டம் மாறுகிறது. ஒருவருக்கு மட்டும் பழைய சட்டம் நிற்கிறது. இதைச் சொல்லும் சொல் வேண்டும்.

மடல் 2

‘வரிச்சலுகை ஒப்பந்தம்’ போதுமே ஐயா. நாளிதழ் வாசகருக்கு உடனே விளங்கும். நுணுக்கத்தை அடுத்த வரியில் விளக்கிக்கொள்ளலாம்.

மடல் 3

சலுகை என்று எழுதவே கூடாது. அது பிழை.

2000-இல் வந்த 27342-ஆம் சட்டத்தின்படி, இந்த ஒப்பந்தம் போடும் நிறுவனம் அன்றைய வருமான வரி வீதத்தோடு 2 புள்ளி கூட்டிக் கட்ட வேண்டும். வீதம் 30 என்றால் இவர்களுக்கு 32. கூடுதலாகக் கட்டுகிறவரைச் சலுகை பெற்றவர் என்பது எப்படிப் பொருந்தும்?

பெருவில் 2015-இல் பொது வீதம் 30-லிருந்து 28 ஆகக் குறைந்தது, 2017-இல் 29.5 ஆக ஏறியது. பங்காதாய வரி 4.1 விழுக்காட்டிலிருந்து 6.8 ஆகி, 2017-இல் 5-க்கு இறங்கியது. 2004 முதல் 2014 வரை, பொது வீதம் 30 ஆக இருந்தபோது, ஒப்பந்தம் போட்ட நிறுவனம் 100 ரூபாய் இலாபத்துக்கு 32 கட்டும். மீதி 68-ஐ வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அனுப்பினால் 4.1 விழுக்காடு, அதாவது 2.79. கூட்டினால் 34.79. ஒப்பந்தம் இல்லாத நிறுவனம் 2015-இல் 28-உம், மீதி 72-இல் 6.8 விழுக்காடாக 4.90-உம் சேர்த்து 32.90 கட்டியது. 2017-க்குப் பின் அதே கணக்கு 33.03. ஒப்பந்தம் போட்டவர் எல்லா ஆண்டும் கூடுதலாகவே கட்டியிருக்கிறார். இங்கும் பாருங்கள்: 32 நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வருவது, 4.1 முதலீட்டாளரின் ஒப்பந்தத்தில் வருவது. ஒன்றைப் போட்டு மற்றொன்றை விட்டவருக்குக் கணக்கே வேறு.

என் பரிந்துரை ‘காப்பு’. சட்ட மாற்றத்துக்கு எதிரான காப்பு. 2 புள்ளி அதற்கான காப்புக் கட்டணம். கொலம்பியாவின் 2005-ஆம் ஆண்டு 963-ஆம் சட்டம் இதே வகை ஒப்பந்தத்துக்கு, அந்தந்த ஆண்டு முதலிடும் தொகையில் 1 விழுக்காட்டைக் கட்டச் சொன்னது. அதற்கு அச்சட்டம் வைத்த பெயர் ‘பிரிமா’. காப்பீட்டில் நாம் பிரீமியம் என்கிறோமே, அதே சொல். (கொலம்பியா 2012-இல் இம்முறையையே எடுத்துவிட்டது.) ‘சட்டமாற்றக் காப்பு ஒப்பந்தம்’ என்றால் எதற்குக் காப்பு, எத்தனை காலம், எதுவரை என்ற கேள்விகள் வாசகர் மனத்தில் தாமாக எழும்.

மடல் 4

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மத்திய வங்கி ஆவணங்களில் ‘விலை உறுதிப்பாடு’ என்பது நிலைபெற்ற வழக்கு. ஆகவே ‘உறுதிப்பாட்டு உடன்படிக்கை’ என்று முதலில் எண்ணினேன். ஆனால் அந்த வழக்கே இங்கே தடையாகிறது: விலையும் நிதியமைப்பும் தள்ளாடாமல் இருப்பதைக் குறிக்கும் சொல்லை, ஒரு கம்பெனிக்குப் பழைய சட்டம் நிற்பதற்கு எடுத்தால் இரண்டும் குழம்பும்.

ஐயா சொன்ன காப்பிலும் ஒரு குறை உண்டு. காப்புறுதி எடுத்தவருக்குத் தீங்கு வந்தால் இழப்பீடு. நன்மை வந்தால் அதுவும் அவருக்கே. இங்கே அப்படியில்லை. வரி குறைந்தபோது அந்தக் குறைப்பும் கிடைக்கவில்லை என்று நீங்களே கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். கெட்டதை மட்டுமன்றி நல்லதையும் தடுப்பதைக் காப்பு என்றால் வாசகர் ஏமாறுவார்.

இதற்கு நெருங்கிய உவமை வங்கியின் நிலையான வைப்பு. வைப்பிட்ட நாளின் வட்டிவீதம் முதிர்வுவரை நிற்கும். நாளை வீதம் கூடினாலும் குறைந்தாலும் பழைய வீதமே. முறித்துக்கொண்டு வெளியே வரலாம். பெருவிலும் ஒரேயொரு முறை ஒப்பந்தத்தைத் துறந்து பொதுச் சட்டத்துக்குள் வரலாம். திரும்ப நுழைய இயலாது. ஆகவே ‘நிலை’ என்ற வேரை விடக்கூடாது. தன்மையைக் குறிக்கும் ‘நிலைத்தன்மை’ வேண்டாம், செயலைக் குறிக்கும் ‘நிலைப்படுத்தல்’ வேண்டாம். ‘நிலைப்பு’ என்று வைப்போம். நிலைப்பு வீதம், நிலைப்பு நாள், நிலைப்புக் காலம் எல்லாம் இடறாமல் வருகின்றன.

மடல் 5

நிலைப்பு நன்று அம்மா. ‘நிலைவிதி’ என்று சுருக்க நினைத்தால் வேண்டாம். சட்ட வரைவில் ‘விதி’ சட்டத்துக்குக் கீழே வருவது. இங்கே நிற்பது சட்டமே. தொழிலாளர் சட்டத்தில் ‘நிலையாணை’ வேறு இருக்கிறது.

சிலி நாட்டு வழக்கையும் பார்க்கலாம். 1974-இன் 600-ஆம் ஆணை வெளிநாட்டு முதலீட்டாளருக்கு மொத்த வரிச்சுமையை 42 விழுக்காட்டில் நிறுத்தி வைத்தது. பொது வீதத்தைவிட அது அதிகம். அங்கே சொல் ‘இன்வாரியாபிலிதாத்’, அதாவது மாறாமை. அந்த ஆணை 2016 ஜனவரி முதல் நாள் முடிவுக்கு வந்தது. தொகுப்பில் சிலியும் வந்தால் அதற்கு ‘வரி மாறாமை’, பெருவுக்கு ‘வரிநிலைப்பு’ என்று பிரித்தே வைக்க வேண்டும். முதலாவதில் ஒரு தனி வீதமே எழுதி வைக்கப்பட்டது. இரண்டாவதில் ஒரு நாளின் சட்டம் முழுதும், வரிக் கழிவு விதிகள் உட்பட, நிற்கிறது.

மடல் 6

நிலைப்பு என்ற சொல்லை ஏற்கிறேன். ஆனால் அதை வாக்கியத்தில் எப்படி ஆள்வது என்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. பெருவின் அரெக்கிபாவிலுள்ள செர்ரோ வெர்தே செப்புச் சுரங்க வழக்கு முழுதும் இதில்தான் சுழன்றது.

சுரங்கத்துக்குப் பொதுச் சுரங்கச் சட்டத்தின் கீழ்த் தனி நிலைப்பு ஒப்பந்தம் உண்டு. 2014-இன் 30230-ஆம் சட்டத்துக்குப் பின் அது 10, 12, 15 ஆண்டு என மூன்று வகை; குறைந்தபட்ச முதலீடு முறையே 2 கோடி, 10 கோடி, 50 கோடி டாலர். செர்ரோ வெர்தே பழைய முறையில் 1998-இல் கையெழுத்திட்டது; 1999 முதல் 2013 வரை 15 ஆண்டு. அப்போது அங்கே நடந்தது கசிவு முறை: உடைத்த தாதுவின் மேல் அமிலம் தெளித்துச் செம்பைக் கரைத்தெடுப்பது. ஒப்பந்தத்தோடு இணைத்த சாத்தியக்கூறு ஆய்வும் அதைப் பற்றியது.

2004 ஜூனில் 28258-ஆம் சட்டம் வந்து, கனிம மதிப்பில் 1 முதல் 3 விழுக்காடுவரை உரிமைத்தொகை (ராயல்டி) விதித்தது. அதற்குப் பிறகு நிறுவனம் ஏறத்தாழ 85 கோடி டாலரில் சல்பைடுத் தாதுவை அரைத்து மிதக்கவிட்டுச் செறிவூட்டும் ஆலையைக் கட்டி, 2006 இறுதியில் ஓட்டத் தொடங்கியது. ஒரே நிறுவனம், ஒரே சுரங்க உரிமம், ஒரே குழி. புதிய ஆலைக்குள் போகும் தாதுவுக்கு உரிமைத்தொகை உண்டா?

வரித்துறையான சுனாத், உண்டு என்றது: நிலைப்பு கசிவுத் திட்டத்துக்கு மட்டுமே. நிறுவனம், இல்லை என்றது: நிலைப்பு சுரங்க உரிமம் முழுமைக்கும். இருவருக்கும் இடம் கொடுத்தது பொதுச் சுரங்கச் சட்டத்தின் 83-ஆம் உறுப்பு. ஒப்பந்தப் பலன் முதலீட்டைப் பெறும் ‘சுரங்க நிறுவனத்தின் செயல்பாடுகள்’ மீது மட்டுமே விழும் என்கிறது அது. செயல்பாடுகள் என்றால் எல்லாமா, அந்த முதலீட்டால் வந்தவை மட்டுமா? பெருவின் உச்ச நீதிமன்றம் 2017-இல் அரசின் பக்கம் நின்றது. பெரும்பங்குதாரரான ஃப்ரீபோர்ட்-மெக்மோரான் 2020-இல் உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு தீர்வு மையத்துக்குப் போனது. 2024 மே மாதத் தீர்ப்பில் நடுவர்களில் பெரும்பான்மையினரும் பெருவின் பக்கமே நின்றனர்.

ஆகவே தமிழில் ‘நிறுவனத்தின் நிலைப்பு ஒப்பந்தம்’ என்று எழுதினால் தோற்ற தரப்பின் வாதத்தை நாமே வாக்கியத்தில் ஏற்றிவிடுகிறோம். ‘கசிவுத் திட்டத்துக்கான நிலைப்பு’ என்று எழுதினால் வென்ற தரப்பு. தமிழில் வேற்றுமை உருபு இந்த வேலையைச் செய்கிறது; அதை அசட்டையாகப் போடக்கூடாது. என் பரிந்துரை: யாரோடு என்பதற்கு ‘ஓடு’, எதற்கு என்பதற்கு ‘கான’. ‘செர்ரோ வெர்தே நிறுவனத்தோடு, கசிவுத் திட்டத்துக்கான நிலைப்பு ஒப்பந்தம்.’ வழக்கு நடந்துகொண்டிருந்த கட்டத்தை விவரிக்கும்போது ‘கான’ பகுதியை விட்டுவிட்டு, எதற்கான நிலைப்பு என்பதே சிக்கல் என்று எழுதலாம்.

மடல் 7

இதோடு இன்னும் இரண்டு சொற்களைத் தீர்த்துவிடலாம்.

ஒன்று, ‘கொந்திராத்தோ-லேய்’; ஸ்பானியத்தில் கொந்திராத்தோ என்றால் ஒப்பந்தம், லேய் என்றால் சட்டம். 1993 அரசமைப்பின் 62-ஆம் உறுப்பு இத்தகைய ஒப்பந்தங்களை நாடாளுமன்றம் சட்டத்தால் திருத்த முடியாது என்கிறது. நிலைப்பு ஒப்பந்தத்துக்கு உயிர் தருவது இதுதான். இல்லாவிட்டால் அடுத்த அரசு ஒரே சட்டத்தில் கலைத்துவிடும். ‘சட்ட ஒப்பந்தம்’ என்றால் பொருளே வரவில்லை. ‘சட்டவலு ஒப்பந்தம்’ எப்படி?

இரண்டாவது, 2011-இல் வந்த மூன்று சட்டங்கள். 29788 உரிமைத்தொகையை இயக்க இலாபத்தின் அடிப்படைக்கு மாற்றியது. 29789 சிறப்புச் சுரங்க வரியைக் கொண்டுவந்தது. நிலைப்பு ஒப்பந்தம் உள்ளவர்களை இவை தொட முடியாது. 62-ஆம் உறுப்பு தடுக்கும். எனவே 29790 அவர்களுக்கென்று ‘கிராவாமென்’ (சுமத்தும் தொகை என்று பொருள்) ஒன்றை வைத்தது: தாமாக முன்வந்து அரசோடு ஒப்பமிட்டவர் மட்டும் கட்டுவார். இதை ‘வரி’ என்று பெயர்த்தால் 62-ஆம் உறுப்பு மீறப்பட்டதாகத் தோன்றும். ‘நன்கொடை’ என்றால் கொச்சையாகிவிடும். ஒப்பமிட்டபின் கட்டியே ஆகவேண்டும் அல்லவா? ‘இசைவுத் தீர்வை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

மடல் 8

சட்டவலு ஒப்பந்தம், இசைவுத் தீர்வை இரண்டுக்கும் உடன்படுகிறேன். ‘உரிமைத்தொகை’யை மட்டும் வரிப் பகுதியில் சேர்த்துவிடாதீர்கள். அது வரியன்று, தோண்டி எடுத்த பொருளுக்கு ஈடாகத் தரும் தொகை என்று பெருவின் அரசமைப்புத் தீர்ப்பாயம் 2005-இல் சொல்லிவிட்டது. எனவே ‘வரிநிலைப்பு’ உரிமைத்தொகையையும் அடக்குமா என்பது சொல்லால் தீராது. ஒப்பந்த வாசகத்தில் ‘நிர்வாக நிலைப்பு’, அதாவது வரியல்லாத நிர்வாக விதிகளும் நிற்கும் என்ற உறுதி, இருக்கிறதா என்று பார்த்தே எழுத வேண்டும்.

மடல் 9

அப்படியானால் அகராதிப் பதிவு இவ்வாறு:

நிலைப்பு ஒப்பந்தம்: குறித்த முதலீட்டுக்கு, குறித்த நாளில் நடப்பிலிருந்த சட்டமே குறித்த காலம்வரை பொருந்தும் என்று அரசு முதலீட்டாளரோடு அல்லது முதலீட்டைப் பெறும் நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தம். பின்வரும் மாற்றம் சாதகமானாலும் பாதகமானாலும் பொருந்தாது. வகை: வரிநிலைப்பு, நிர்வாக நிலைப்பு, செலாவணி நிலைப்பு.

மடல் 10

கடைசி வகையை அப்படியே விடாதீர்கள். ‘செலாவணி நிலைப்பு’ என்று படித்தால், டாலருக்கு எத்தனை சோல் (பெருவின் நாணயம்) என்பதை அரசு நிறுத்தி வைத்திருப்பதாகவே எவரும் நினைப்பார். ஒப்பந்தம் அதைத் தரவே இல்லை. சோலின் மதிப்பு அன்றாடம் சந்தையில் ஏறி இறங்கும். அது தருவது மாற்றிக்கொள்ளும் உரிமையையும், அன்றைக்குக் கிடைப்பதில் மிகச் சாதகமான வீதத்தில் மாற்றிக்கொள்வதையும்தான். ‘செலாவணி உரிமை நிலைப்பு’ என்று எழுதுங்கள். ஒரு சொல் கூடினாலும் பரவாயில்லை.